பென்டாக்ஸ் எஃப்ஏ 43 மி.மீ. லிமிடெட் லென்ஸ்: நெடுநாள் பயன்பாட்டில் கண்டவை

கேமரா நிறுவனமான பென்டாக்ஸ் 1997-இல் வெளியிட்ட எஃப்ஏ 43 மி.மீ. எஃப்/1.9 லிமிடெட் லென்ஸைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். குறைந்த வெளிச்சத்தில் மனிதர்களைப் படமெடுப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான சிறிய லென்ஸை நான் கண்டதில்லை. எனினும் எல்லா வேலைகளுக்கும் இது ஏற்றதன்று.

35 மி.மீ. பிலிம் சட்டத்தின் அளவே உள்ள முழுச்சட்ட சென்சாரின் மூலைவிட்டம் ஏறக்குறைய 43.3 மி.மீ. என்பதால், வழக்கமான 50 மி.மீ. லென்ஸைக் காட்டிலும் இதன் குவியத் தூரம் அந்த அளவோடு நெருங்கிப் பொருந்துகிறது. 50 மி.மீ. லென்ஸைவிடச் சற்று அகலமான காட்சி கிடைப்பதால், இரண்டு மீட்டர் தள்ளி அமர்ந்திருப்பவரை, அவருடைய மேசையும் சன்னலும் விடுபடாமல், பின்னால் நகராமலேயே எடுத்துவிடலாம். சென்சார் சிறிதாக உள்ள ஏபிஎஸ்-சி கேமராவில் இதே லென்ஸ் ஏறக்குறைய 65 மி.மீ. லென்ஸின் பார்வைக் கோணத்தையே தரும். அங்கே இது முகப்படங்களுக்கே அதிகம் உதவும்.

அப்பர்ச்சரை (ஒளி நுழையும் திறப்பை; எஃப் எண் கூடக் கூடத் திறப்பு சிறுக்கும்) முழுதாகத் திறந்தால் நடுப்பகுதி மென்மையாகத் தெளிந்திருக்க, ஓரங்கள் தளர்ந்து தெரியும். சமதளமான அட்டையைப் படமெடுத்துச் சோதிப்பவர்கள் இதைக் குறையாகவே எழுதுவார்கள்; அது தவறும் அன்று. ஆனால் சன்னலோர வெளிச்சத்தில் எஃப்/2.8 வைத்து, அருகிலிருக்கும் கண்ணில் ஃபோகஸ் செய்து எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: இமை முடிகள் தனித்தனியாகத் தெரியும், காதை நெருங்குகையில் தெளிவு சிறிது சிறிதாகக் கரையும், பின்னணி எங்கும் வெட்டியதுபோல் பிரிந்து நிற்காது. இந்தச் சீரான மாற்றத்துக்காகவே நான் இந்த லென்ஸை விரும்புகிறேன். நிலக்காட்சி எடுப்பவர்கள் திறப்பை எஃப்/8 வரை குறைத்துக்கொண்டால் ஓரங்களும் நன்கு தெளிந்துவிடும். வெளிர்ந்த வானத்தின் எதிரே இலைகளை முழுத் திறப்பில் எடுக்கும்போது விளிம்பில் ஊதா நிறம் படிவதுண்டு. அதைக் கணினியில் நீக்க முடியும்.

எடை 155 கிராம், நீளம் 27 மி.மீ.; உடல் முழுவதும் அலுமினியம். லென்ஸுக்குள் மோட்டார் வைக்காமல், கேமராவின் மோட்டார் ஒரு தண்டின் வழியே ஃபோகஸைத் திருப்பும்படி அமைத்ததும் இந்தச் சிறிய அளவுக்கு ஒரு காரணம். அதனால் ஆட்டோஃபோகஸ் இயங்கும் ஓசை நன்றாகக் கேட்கும். வீடியோ எடுப்போர் இதை நாட வேண்டாம். மிகக் குறைந்த ஃபோகஸ் தூரம் 45 செ.மீ. ஆகையால், மோதிரம் போன்ற சிறு பொருள்களுக்கு மேக்ரோ லென்ஸே தேவை. மழை, தூசிக்கு எதிரான காப்பும் கிடையாது. அப்பர்ச்சர் வளையம் இருப்பது மட்டும் பெரிய வசதி. அதனால் கே-மவுண்ட் (பென்டாக்ஸின் லென்ஸ் பொருத்தும் அமைப்பு) கொண்ட பிலிம் கேமராக்களிலும் இதைப் பயன்படுத்தலாம்.

2021-இல் வந்த எச்டி பதிப்பில் கண்ணாடி அமைப்பு மாறவில்லை, மேற்பூச்சுகள் மாறின. எதிர்வெளிச்சத்தில் அடிக்கடி எடுப்பவர் அந்தப் பதிப்பைத் தேர்ந்தெடுக்கலாம். மற்றவர்களுக்குப் பழைய பதிப்பே போதும். வாங்குமுன் அப்பர்ச்சர் இதழ்களில் எண்ணெய்ப் படிவோ, உட்கண்ணாடியில் பூஞ்சையோ இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட வேண்டும்.