எட்டு மாதத்தைக் கழித்த கணக்கு: எச்-4 விசாவில் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

என் தங்கையும் மாப்பிள்ளையும் 2010இல் நியூஜெர்சிக்குக் குடிபோனபோது அவர்கள் மகளுக்கு ஐந்து வயது. அப்பாவின் எச்-1பி என்ற வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவிலேயே அவள் பள்ளிப்படிப்பை முடித்துக் கல்லூரி மூன்றாம் ஆண்டுக்கும் வந்துவிட்டாள். 2025 நவம்பரில் அவளுக்கு 21 வயது நிறைந்தது. அதற்கு முன்பே செய்ய வேண்டியதைச் செய்து தருவதாக நுங்கம்பாக்கத்தில் உள்ள ஒரு விசா ஆலோசனை அலுவலகம் என்னிடம் 1,85,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, செய்ய வேண்டிய ஒன்றையே செய்யாமல் தடுத்தது. வழக்கு நடப்பதால் பெயரைச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

எச்-4 என்பது 21 வயது நிறையும்வரைதான். அதற்குள் கிரீன் கார்டு கைக்கு வந்துவிட்டால் தொல்லையில்லை. ஆனால் வேலைவாய்ப்பு வழியில் ஆண்டுக்குச் சுமார் 1,40,000 கார்டுகள், அதிலும் ஒரு நாட்டுக்குப் பொதுவாக 7 சதவீதம் என்ற வரம்பு இருப்பதால், மாப்பிள்ளையைப் போல 2016இல் வரிசையில் சேர்ந்த இந்தியர்களுக்கு முறை வருவதற்குள் பிள்ளைகள் வளர்ந்துவிடுகிறார்கள். 2025இல் அவருடைய பிரிவில் இந்தியர்களுக்கான வரிசை 2013இல் சேர்ந்தவர்களைத்தான் எட்டியிருந்தது. கம்பெனி வக்கீல் தன் கோப்பை மட்டுமே பார்ப்பார், மகளுடையதைப் பார்க்க மாட்டார் என்று மாப்பிள்ளை சொன்னதால், சென்னையில் இருக்கும் நான் விசாரிக்கக் கிளம்பினேன். அது என் முதல் தவறு.

அந்த ஆலோசகர் ஒரு தாளை எடுத்து, என் கண் முன்னாலேயே கால்குலேட்டரில் தட்டி, பச்சை மையில் எழுதினார்: 21 வயது, கழித்தல் எட்டு மாதம், மீதி 20 வயது நான்கு மாதம். மாப்பிள்ளைக்காகக் கம்பெனி போட்ட ஐ-140 என்ற கிரீன் கார்டு மனு எட்டு மாதம் நிலுவையில் இருந்ததாம். 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த எட்டு மாதத்தை வயதிலிருந்து கழிக்கலாமாம். ஆகவே 2026 ஜூலைவரை கவலையில்லையாம். கேட்கக் கேட்கச் சரியாகத்தான் இருந்தது. அப்படி ஒரு சட்டம் இருப்பதும், அப்படிக் கழிப்பதும் உண்மை. அவர் மறைத்தது, அல்லது அவருக்கே தெரியாதது, இதுதான்: அந்தக் கழித்தல் கிரீன் கார்டுக்கான முறை வரும் நாளில் பிள்ளையின் வயதைக் கணக்கிடுவதற்கு மட்டுமே உரியது, எச்-4 நிலைக்கு அதனோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. அதற்குப் பிறந்த தேதி ஒன்றே கணக்கு.

மாணவர் விசாவான எஃப்-1க்கு அமெரிக்காவில் இருந்தபடியே மாற ஐ-539 மனுவை முன்கூட்டியே போட்டுவிடலாமா என்று நான் கேட்டதற்கு, “அதைப் போட்டால் குடியேறும் எண்ணம் இல்லை என்று நீங்களே எழுதிக் கொடுத்ததாகிவிடும், கிரீன் கார்டு கோப்பு கெட்டுவிடும் சார்” என்று பயமுறுத்தினார். நாங்களும் காத்திருந்தோம். அவர் ஒருமுறைகூட அவள் அமெரிக்காவுக்குள் நுழைந்ததற்கான ஐ-94 பதிவைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால், தங்க அனுமதித்த கடைசித் தேதி 21ஆம் பிறந்தநாளுக்கு முதல் நாள் என்று அதிலேயே இருந்திருக்கும்.

டிசம்பரில் அந்தத் தேதியைக் கண்டுபிடித்தது கல்லூரியின் அயல்நாட்டு மாணவர் அலுவலகம். அதற்குள் 38 நாள்கள் கடந்திருந்தன. 180 நாள்களைத் தாண்டிய பிறகு வெளியேறியிருந்தால் மூன்று ஆண்டும், ஓராண்டைத் தாண்டியிருந்தால் பத்து ஆண்டும் திரும்ப நுழையத் தடை என்பதால் உடனே விமானம் ஏற்றிவிட்டார்கள். இங்கே நான் அந்த அலுவலகத்துக்குப் போய் நின்றபோது, ஆலோசகர் அசரவேயில்லை. இன்னும் 1,20,000 ரூபாய் கட்டினால் நாடு கடத்தலைத் தள்ளிவைக்கும் “டாகா” திட்டத்தில் சேர்த்துவிடலாம் என்றார். 2012இல் வந்த அந்தத் திட்டத்துக்கு 2007 ஜூன் 15 முதல் அமெரிக்காவில் தொடர்ந்து வசித்திருக்க வேண்டும். 2012 ஜூன் 15 அன்று சட்டப்படியான விசா நிலை இருந்திருக்கக் கூடாது. இவள் போனதே 2010இல். அன்றைக்கு விசாவும் செல்லுபடியாகத்தான் இருந்தது. சிறுவயதில் ஆவணமின்றி வந்தவர்களுக்கான ஏற்பாட்டில், ஆவணத்தோடு வந்த இந்தப் பிள்ளைகளுக்கு இடமில்லை என்பதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இவர்களுக்காக 2021இல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட மசோதாவும் சட்டமாகவில்லை.

அண்ணா மேம்பாலத்தருகே உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் எஃப்-1 நேர்காணலுக்கு அவளை நான்தான் அழைத்துப் போனேன். கடைசியாகச் சென்னையில் எப்போது வசித்தாய் என்று கேட்டார்களாம். “ஐந்து வயசுல, மாமா. அதைத்தான் சொன்னேன்” என்று வெளியே வந்து சொன்னாள். தாய்நாட்டோடு பிணைப்பு இருப்பதாக அதிகாரியை நம்பவைக்கவில்லை என்று 214(b) பிரிவின்கீழ் மறுத்துவிட்டார்கள். மறுபடி விண்ணப்பிக்க மறுபடி 185 டாலர். ஒரு பருவம் போயே போய்விட்டது. அவள் மேற்கு மாம்பலத்தில் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, நியூஜெர்சி நேரத்துக்குத் தோழிகளோடு பேசிக்கொண்டிருக்கிறாள்.

அமெரிக்கக் குடியேற்ற விவகாரத்தில் சட்ட ஆலோசனை சொல்ல அங்கே உரிமம் பெற்ற வழக்கறிஞருக்கோ, அரசின் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிக்கோதான் தகுதி உண்டு. எந்த மாநிலத்து உரிமம், என்ன எண் என்று கேளுங்கள். அந்த மாநில வழக்கறிஞர் சங்கத் தளத்தில் சரிபார்க்க ஐந்து நிமிடம் போதும். நான் கேட்கவில்லை. என் ரசீதில் “ஆவணத் தட்டச்சுக் கட்டணம், திருப்பித் தரப்படாது” என்றிருப்பதையே வீட்டுக்கு வந்துதான் படித்தேன். ரொக்கமாகக் கொடுத்த 60,000 ரூபாய்க்கு அந்த ரசீதும் இல்லை.

நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். நோட்டீஸ் போனபின் அந்த அலுவலகத்திலிருந்து இரண்டு முறை போன் வந்தது: பாதிப் பணத்தைத் தருகிறோம், பச்சை மையில் எழுதிய அந்தத் தாளை மட்டும் திருப்பிக் கொடுங்கள் என்று. அதே மாதிரித் தாள் வேறு யாரிடமாவது இருந்தால், தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள்.