பம்பர் நெளிவுக்கு கிளைமா, கைக்காசா?

கோயில் வாசலில் காரைப் பின்னால் எடுக்கும்போது தூணில் இடித்து, மைவியின் பின் பம்பர் நெளிந்துவிட்டது என்று வையுங்கள். சுங்கை சிப்புட் பட்டறைக்காரர் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "600 வெள்ளி ஆகும் அண்ணே, இன்சூரன்சா கைக்காசா?" என்பார். வருடா வருடம் கட்டுகிறோமே, இதற்காவது உதவட்டும் என்றுதான் தோட்டத்துப் பக்கம் பலரும் நினைக்கிறோம்.

நினைப்பு நியாயம்தான்; கணக்குதான் இடிக்கிறது. கிளைம் போடாதவருக்குப் பிரிமியத்தில், அதாவது வருடக் கட்டணத்தில், தரும் என்சிடி கழிவு, தனியார் கார்களுக்கு முதல் ஆண்டு முடிந்ததும் 25 விழுக்காடு. பிறகு 30, 38.33, 45, ஐந்தாண்டு முடிந்தால் 55. நம் தவறால் வந்த சேதத்துக்கு ஒரு கிளைம் போட்டாலே அது பூஜ்யமாகிவிடும். சேதம் 600 வெள்ளியா 6,000 வெள்ளியா என்ற பேச்சே இல்லை.

கழிவுக்கு முந்திய பிரிமியம் 1,000 வெள்ளி என்று கொள்வோம். 55இல் இருப்பவர் இப்போது 450 கட்டுகிறார். கிளைமுக்குப் பின் 1,000, 750, 700, 617, 550 என்று இறங்கி, ஆறாம் ஆண்டில்தான் பழைய 450க்கு வருவார். ஆக, 600 வெள்ளியைக் காப்பாற்றப் போய்க் கூடுதலாகக் கட்டுவது ஏறக்குறைய 1,367. கார் பழசாகிப் பிரிமியம் குறைந்தால் இது சற்றுக் குறையும், அவ்வளவுதான். 25இல் இருப்பவருக்கு, கிளைம் போடாவிட்டால் ஏறியிருக்கும் கழிவையும் கணக்கில் எடுத்தால், இதே இழப்பு 850. கழிவே இல்லாத முதல் ஆண்டுக்காரருக்கு 550. அவருக்கு மிஞ்சும் 50 வெள்ளி, போலீஸ் புகாருக்கும் பானல் பட்டறைக்கும் (காப்புறுதி நிறுவனம் அங்கீகரித்த பட்டறை) அலையும் பெட்ரோலுக்கே சரியாகப் போகும்.

ஓட்டியவர் புதிதாக ஓட்டத் தொடங்கியவருக்கான பி லைசன்ஸ் வைத்திருக்கும் மகன் என்றால் முதல் 400 வெள்ளி எப்படியும் நம் தலையில்தான். பத்து வயது தாண்டிய காரில் புதிய அசல் உதிரிபாகம் போட்டால், அதன் விலையில் 40 விழுக்காடு வரை நம்மிடமே கேட்பார்கள். எனவே தூண், வேலி, கால்வாய் ஓரம் போன்ற சங்கதிகளுக்குக் கைக்காசுதான் என் கட்சி. போனட், ரேடியேட்டர் என்று சேதம் இரண்டாயிரத்தைத் தாண்டினால் தயங்காமல் கிளைம் போடலாம்.

தவறு எதிராளியுடையது என்றால் கதையே வேறு. 24 மணி நேரத்துக்குள் போலீஸ் புகார் செய்துவிடுங்கள். இருவருக்கும் முழுக் காப்புறுதி இருந்தால் நம் நிறுவனத்திடமே 'நாக் ஃபார் நாக்' முறையில் கேட்கலாம், என்சிடி போகாது. மோட்டார் சைக்கிள்காரர் இடித்திருந்தால் பெரும்பாலும் அவருடைய நிறுவனத்திடம்தான் கேட்க வேண்டிவரும். அதற்கு நாளாகும், ஆனால் கழிவு பத்திரமாக இருக்கும்.

கண்ணாடிக்கு இந்தக் கணக்கு எதுவும் வேண்டாம். செம்பனைக் குலை ஏற்றிய லாரிக்குப் பின்னால் செம்மண் சாலையில் போகிறவர்களுக்குக் கல் தெறிப்பது புதிதல்ல. முன்கண்ணாடிக்குத் தனிக் காப்பு எடுத்திருந்தால் அதற்கான கிளைம் என்சிடியைத் தொடாது. அந்தக் காப்புக்குக் கட்டுவது கண்ணாடி மதிப்பில் 15 விழுக்காடு, அதாவது 800 வெள்ளிக் கண்ணாடிக்கு 120 வெள்ளி. நம் பக்கத்துச் சாலைகளுக்கு அது தண்டச் செலவு இல்லை.

ரோட்டோரத்தில் பேசி முடிப்பதில்தான் எனக்கு நம்பிக்கை குறைவு. நாம் இடித்தவருக்கு 300 வெள்ளியை நீட்டிக் கைகுலுக்கிவிட்டு வந்த பிறகு, அவர் புகார் செய்து நம் காப்புறுதியில் கேட்டால் பணமும் போகும், கழிவும் போகும். கொடுப்பதாக இருந்தால், இனிக் கோரிக்கை இல்லை என்று எழுதி, இரண்டு கார் எண்களையும் குறித்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள்.