சேலத்துத் தண்ணீருக்கு ஒத்துப்போகும் மீன்கள்: ஒரு மூன்றடித் தொட்டியின் அனுபவம்

மூன்றடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒன்றரை அடி உயரம் கொண்ட கண்ணாடித் தொட்டி ஒன்று சேலம் அஸ்தம்பட்டியில் உள்ள எங்கள் வீட்டுக் கூடத்தில் பல ஆண்டுகளாக இருந்து வருகிறது. கணக்குப்படி அதன் கொள்ளளவு ஏறத்தாழ 160 லிட்டர். அடியில் பரப்பிய கூழாங்கல்லையும் மேலே விடும் இடைவெளியையும் கழித்தால் மீன்களுக்குக் கிடைப்பது 130 லிட்டர் அளவுதான். நடுத்தரத் தொட்டி என்று கடைகளில் சொல்லப்படுவது பெரும்பாலும் இதையொட்டிய அளவே. எந்த மீனோடு எந்த மீனைச் சேர்க்கலாம் என்று காட்டும் வண்ண அட்டவணையைப் பல கடைச் சுவர்களில் பார்க்கலாம். அது பொய்யன்று, ஆனால் அந்த மீன்கள் எந்த ஊர்த் தண்ணீரில், எந்த ஊர் வெயிலில் இருக்கப்போகின்றன என்பது அந்த அட்டவணைக்குத் தெரியாது. இத்தனை நாள் பார்த்ததில், மீன்களுக்கிடையே ஏற்படும் சண்டையைவிடத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாமையால் மெலிந்து மடிந்த மீன்களையே அதிகம் கண்டிருக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் பெரும்பாலான வீடுகளுக்கு இரண்டு வகைத் தண்ணீர் உண்டு. மேட்டூரிலிருந்து வரும் காவிரி நீர் நல்ல தண்ணீர். ஆழ்துளைக் கிணற்றிலிருந்து ஏறுவது உப்புத் தண்ணீர். பின்னதன் கடினத்தன்மைக்குக் காரணம் அதில் கரைந்திருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் என்பதால், மெக்னீசியத்தின் தாதுவான மேக்னசைட்டை வெட்டியெடுக்கும் குன்றுகளை ஒட்டிய ஓர் ஊரில் வாளியின் ஓரமெல்லாம் வெள்ளையாய்ப் படிவதில் வியப்பொன்றும் இல்லை. கப்பி, மாலி, பிளாட்டி, வாள்வால் போன்ற குட்டி போடும் மீன்களுக்கு இத்தகைய கடின நீர் நன்றாகவே பொருந்தும். அமேசான் பகுதியின் மென்மையான, சற்றே அமிலத்தன்மை கொண்ட நீரைச் சேர்ந்த நியான் டெட்ராவுக்கும் டிஸ்கஸுக்கும் இது பொருந்தாது. ஆகவே மாலியையும் நியானையும் ஒரே தொட்டியில் விடுகிறவர், இரண்டும் சாதுவான மீன்கள் என்ற ஒரே காரணத்தால், இரண்டில் ஒன்றுக்குத் தொடர்ந்து துன்பம் தருகிறார். ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றிய தொட்டியில் மாலி எப்படி இருக்கும் என்று கவனித்தால் இது விளங்கும்: முன்னேறாமல் நின்ற இடத்திலேயே உடலை இடமும் வலமுமாக நெளித்துக்கொண்டு, துடுப்புகளை உடலோடு ஒட்டி மடக்கி வைத்திருக்கும். அதைக் குளிர் என்று எண்ணி ஹீட்டர் போடுபவர்கள் உண்டு. மீனுக்குக் குறைவது பெரும்பாலும் தாதுச் சத்துதான்.

இதில் ஒரு விலக்கையும் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் விற்கும் வண்ண மீன்களில் பெரும்பகுதி பண்ணைகளில் பிறந்தவை. சென்னையை அடுத்த கொளத்தூர் இந்தத் தொழிலுக்குப் பேர்போனது. (சேலத்துக்காரர்களுக்குக் கொளத்தூர் என்றால் மேட்டூர்ப் பக்கத்து ஊர்தான் நினைவுக்கு வரும், அது வேறு.) பல தலைமுறைகளாக நம் நிலத்தடி நீரில் வளர்ந்த ஏஞ்சல் மீனும் பிளாக் ஸ்கர்ட் டெட்ராவும் தம் முன்னோரைவிடக் கடின நீரைத் தாங்குகின்றன. நல்ல தண்ணீரையும் உப்புத் தண்ணீரையும் சரிபாதியாகக் கலந்து ஊற்றும் எங்கள் தொட்டியில் இவை இரண்டும் நன்றாகவே இருந்திருக்கின்றன. நியானிடம் அந்தத் தாக்குப்பிடிப்பை நான் காணவில்லை.

நம் ஊர்க் கடின நீர் பெரும்பாலும் கார நீராகவும் இருக்கும். கார நீருக்கு இன்னொரு குணம் உண்டு. அது மீன்களின் எண்ணிக்கையைத் தொடுவதால் இங்கே சொல்லத்தக்கது. மீன்கள் வெளியேற்றும் அம்மோனியாவில் நச்சுத்தன்மை மிகுந்த வடிவத்தின் பங்கு, நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 7-லிருந்து 8-க்கு உயரும்போது ஏறத்தாழப் பத்து மடங்காகிவிடுகிறது. எனவே ஒரே அளவு கழிவு மென்னீர்த் தொட்டியில் செய்யாத கேட்டை நம் ஊர்த் தொட்டியில் செய்துவிடும். ஃபில்டரில் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் நிலைபெற நான்கிலிருந்து ஆறு வாரங்கள் ஆகும் என்பதைக் கடைக்காரர் சொல்லாமல் விடுவதே வழக்கம். தொட்டி வாங்கிய அன்றே மீனும் வாங்கிப் போகும் வாடிக்கையாளரை யார்தான் திருப்பி அனுப்புவார்கள்?

அடுத்தது வெப்பம். ஏப்ரல், மே மாதங்களில் எங்கள் கூடத்துத் தொட்டியின் வெப்பமானி 31, 32 பாகையைத் தொட்டு நிற்கும். 20 பாகையில் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்க முடியுமென்றால், 30 பாகையில் அது ஏழரைக்கு இறங்கிவிடும். மீனின் தேவையோ சூட்டில் கூடும். அதன்மேல் பராமரிப்புக்காகப் பகல் முழுதும் மின்சாரம் நிற்கும் நாள் ஒன்றும் வந்து சேர்ந்தால், எந்த மீன் இந்த ஊருக்கு ஏற்றது என்பது மாலைக்குள் தெரிந்துவிடும். கௌராமி வகை மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வெளிக்காற்றையும் சுவாசிக்கும் உறுப்பைப் பெற்றவை. அத்தகைய நாள்களில் அவை அலட்டிக்கொள்வதில்லை. கோல்டு ஃபிஷ் அப்படியன்று. அது குளிர்ந்த நீரை விரும்பும் மீன். அதிகம் தின்று அதிகம் கழிப்பது. ஆகவே சேலத்தில் வெப்பநீர் மீன்களோடு அதைச் சேர்ப்பதை எந்த வகையிலும் பரிந்துரைக்க மாட்டேன்.

அதே கோல்டு ஃபிஷ் ஏற்காட்டில் என் தங்கை வீட்டில் கொழுகொழுவென்று இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து 1500 மீட்டர் அளவு உயரத்தில், மார்கழி இரவுகளில் கம்பளி போர்த்திக்கொள்ளும் அந்த ஊரில், இங்கே நலமாயிருக்கும் கௌராமிக்கு ஹீட்டர் இல்லாமல் வாழ்வில்லை. "அண்ணா, உங்க ஊர் லிஸ்ட் எனக்கு வேண்டாம்" என்று அவள் சொன்னது முற்றிலும் சரி. அவளுடைய தொட்டியில் கோல்டு ஃபிஷ் மட்டும் தனியாக இருக்கிறது. இன்னொரு சிறு தொட்டியில் ரோசி பார்பும் ஜீப்ரா டானியோவும் ஹீட்டர் இன்றியே திரிகின்றன. மலை மேலேயும் கீழேயும் ஒரு மணி நேரப் பயணம்தான். மீன் பட்டியல் அடியோடு மாறிவிடுகிறது.

தண்ணீரும் வெப்பமும் முடிவான பிறகே குணத்துக்கு வர வேண்டும். வாயில் அடங்கும் எதையும் மீன் இரையாகவே கருதும் என்பது பொது விதி. வளர்ந்த ஏஞ்சலின் தொட்டியில் சிறு டெட்ராக்கள் ஒவ்வொன்றாகக் குறைவதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. துடுப்பைக் கடிக்கும் பழக்கம் இதைவிட நுட்பமானது. பக்கத்து வீட்டுத் தொட்டியில் இரண்டு ஏஞ்சல்களோடு மூன்று டைகர் பார்புகளை விட்டிருந்தார்கள். பார்புகள் துரத்தவில்லை, மோதவில்லை; ஏஞ்சலின் வயிற்றடியில் மீசைபோல் தொங்கும் நீண்ட துடுப்பைப் பின்னாலிருந்து வந்து ஒரு நொடி பற்றி இழுத்துவிட்டு விலகும். சில நாள்களில் ஒரு பக்கத்து மீசை பாதியாகி, நுனியில் வெண்பூஞ்சை படர்ந்திருந்தது. டைகர் பார்பை எட்டு, பத்து என்று கூட்டமாக வைத்தால் அந்தச் சேட்டையைப் பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே தீர்த்துக்கொள்ளும். ஆனாலும் நீண்ட துடுப்புள்ள மீன்களோடு அதை வைக்காதிருப்பதே நல்லது. இரண்டு மூன்றாக வைப்பதுதான் இருப்பதிலேயே மோசமான ஏற்பாடு. கடைகளில் ஜோடியாகத்தான் தருகிறார்கள்.

வளர்ந்த அளவைக் கேட்டால் கிடைக்கும் பதில், "சார், தொட்டிக்குத் தக்கபடிதான் வளரும்" என்பது. இது தவறான நம்பிக்கை. இடம் போதாத மீன் குறுகி, நோயுற்று, ஆயுள் குறைந்து போகிறது என்பதே அதன் பொருள். விரல் நீளத்தில் விற்கும் சில்வர் ஷார்க் ஓரடியைத் தாண்டக்கூடியது. ஆஸ்கர் ஓரடி வளரும். பாசியைத் தின்னும் என்று தலையில் கட்டப்படும் சக்கர் மீன் ஓரடிக்கும் மேல் வளர்ந்து, பாசியைவிட அதிகமாகக் கழிவைச் சேர்க்கும். இவற்றுள் எதுவும் மூன்றடித் தொட்டிக்கு உரியதன்று. பெருத்துப்போன சக்கரை ஏரியில் விடுவது அதைவிடக் கொடிது. தமிழ்நாட்டு நீர்நிலைகளில் அது ஏற்கெனவே பெருகி மீனவர்களின் வலைகளைக் கெடுத்து வருகிறது. எங்கள் ஊர் மூக்கனேரிக்கு நாம் வேறு அனுப்பி வைக்க வேண்டியதில்லை.

இந்தச் சல்லடைகளுக்கெல்லாம் பிறகு எங்கள் தொட்டியில் நிலைத்தவை இவை: முத்துக் கௌராமியில் ஓர் ஆணும் மூன்று பெண்களும், எட்டு பிளாக் ஸ்கர்ட் டெட்ராக்கள், ஓர் ஆணுக்கு இரண்டு பெண் என்ற கணக்கில் ஆறு பிளாட்டிகள், அடித்தளத்தில் நான்கு யோயோ லோச்சுகள். ஏஞ்சலை இந்தக் கூட்டத்தில் சேர்க்கவில்லை. ஸ்கர்ட் டெட்ராவுக்கும் துடுப்பு கடிக்கும் வழக்கம் ஓரளவு உண்டு. எட்டாக இருப்பதால் அடங்கியிருக்கிறது. லோச் நத்தைகளைத் தின்று தீர்த்துவிடுகிறது. பிளாட்டி போடும் குட்டிகளில் பெரும்பாலானவை கௌராமிக்கு இரையாவதால் எண்ணிக்கை தானாகவே கட்டுக்குள் நிற்கிறது. குட்டிகளைக் காப்பாற்ற விரும்புகிறவருக்கு இந்தச் சேர்க்கை உதவாது. ஆண் கௌராமி நீர்மட்டத்தில் நுரைக்கூடு கட்டும் நாள்களில் மட்டும் அந்த மூலைக்கு யாரையும் அண்டவிடாது. மிதக்கும் செடிகளை ஒரு மூலையில் மட்டும் அடர்த்தியாக விட்டு மற்ற இடத்தைத் திறந்து வைத்த பிறகு, துரத்தல் அந்த ஓரத்தோடு நின்றுகொள்கிறது.

பராமரிப்பில் விசேஷம் ஏதுமில்லை: வாரந்தோறும் கால் பங்கு தண்ணீர் மாற்றம், குழாய் நீரில் குளோரின் போக ஹைப்போ (சோடியம் தயோசல்பேட்), மின்தடைக்கு பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப். புதிய மீனைத் தனி வாளியில் இரண்டு வாரமாவது வைத்துப் பார்த்த பிறகே தொட்டியில் சேர்க்கிறேன். வெண்புள்ளி நோய் பெரும்பாலும் கடைத் தண்ணீரோடுதான் வீட்டுக்குள் நுழைகிறது. சாதுவான மீன்களை முதலிலும் இடம் பிடிக்கும் குணமுள்ளவற்றைக் கடைசியிலும் விடுவது நல்லது. முன்பே குடியேறிய முரட்டு மீன் இருக்குமானால், புதியதை விடும் அன்று கற்களையும் செடிகளையும் இடம் மாற்றி அடுக்கிவிட வேண்டும்; எல்லை எதுவென்று பழைய மீனுக்கும் தெரியாமல் போவதால், இரண்டும் ஒரே நாளில் புதுக்குடி வந்தவையாக இடம் தேடத் தொடங்கும்.