2 வருசமா முகத்துக்கு எண்ணெய் பூசுறன்: வெள்ளையாகேல்லை, தாடை இறுக்கம் விட்டிட்டுது

முதலே சொல்லிடுறன், நான் வெள்ளையாகேல்லை. கன்னத்தில இருந்த மங்கும் அப்பிடியேதான் கிடக்கு. எல்லாரும் முதல் கேக்கிறது உதைத்தானே.

நான் தொடங்கினது அழகுக்காண்டியும் இல்லை. பரந்தனிலயிருந்து கிளிநொச்சிக்கு ஸ்கூட்டியில வேலைக்குப் போய் வாறனான், சோளகம் (தென்மேல் காத்து) தொடங்கினா ஏ9 ரோட்டுப் புழுதியும் காத்தும் சேந்து பின்னேரம் வீட்ட வரேக்க முகம் காஞ்சு இழுக்கும், அதோட நித்திரையில பல்லு நெருமுற பழக்கம் வேற, விடிய எழும்பினா வாய் திறக்கேலாமல் கன்னம் உளையும். பல் டொக்டர் இரவில போட ஒரு கவசம் செய்து தந்தவர், அதை இப்பவும் போடுறன்.

ஒரு சனிக்கிழமை முழுக எண்ணெய் வைக்கேக்க அம்மம்மா "பிள்ளை, உதென்ன கன்னம் கல்லு மாதிரிக் கிடக்கு" எண்டு கேட்டிட்டு முகத்தையும் பிடிச்சு விட்டா. காதுக்குக் கீழ, பல்லைக் கடிச்சா புடைச்சு வருமே ஒரு தசை, அதில பெருவிரலை வைச்சு மெதுவா அமத்தி வட்டமா உருட்டினா, முதல் கண்ணால தண்ணி வந்தது, பிறகு ஆரோ கட்டை அவிழ்த்து விட்ட மாதிரி. அண்டைக்குப் பிடிச்சதுதான்.

இடையில ஒரு மடைத்தனமும் செய்தனான். வீடியோ பாத்து கடை ஒண்டில 900 ரூபாய்க்கு குங்குமாதி தைலம் (குங்குமப்பூ போட்டுக் காய்ச்சுற முக எண்ணெய்) எண்டு ஒரு சின்னப் போத்தல் வாங்கி 3 கிழமை பூசினன், நாடியெல்லாம் பரு, துடைச்ச துணியில செம்மஞ்சள் சாயம். எங்கட பரியாரியாரிட்டக் காட்ட சிரிச்சார். ஒரு கிராம் குங்குமப்பூவுக்கே கிட்டத்தட்ட 150 பூ வேணுமாம், உந்த விலைக்கு அதுக்குள்ள என்ன இருக்கும் எண்டு நீயே யோசி பிள்ளை எண்டார்.

அதுக்குப் பிறகு வீட்டிலதான் காய்ச்சுறம். சிறுபோகத்து எள்ளு ஆட்டின நல்லெண்ணெய், மஞ்சிட்டி, அதிமதுரம், வெட்டிவேர், கொஞ்சம் சந்தனம், அவ்வளவுதான். அரைச்ச கல்கம் (மூலிகை விழுது) ஒரு பங்கெண்டா எண்ணெய் 4 பங்கு, தண்ணி 16 பங்கு, மெல்லிய நெருப்பு, பொறுமை வேணும், ஒரு பகல் போயிடும். அடியில நிக்கிற கல்கத்தை விரலால உருட்டினா மெழுகு மாதிரித் திரளோணும், திரியில நனைச்சுக் கொளுத்தினா படபடக்காமல் எரியோணும். படபடத்தா உள்ளுக்குத் தண்ணி நிக்குது, இறக்கி வைச்சா கெட்டுப் போகும் (ஒருக்கா போனது, மணம் சொல்லேலாது).

கிழமைக்கு 3 நாள், இரவில, ஒரு தேக்கரண்டி காணும். சுடுதண்ணிக்குள்ள கிண்ணத்தை வைச்சு இளஞ்சூடாக்கி கழுத்திலயிருந்து மேல நோக்கி, நாடி, தாடை, மூக்கோரம், புருவம், கடைசியா நெத்திப்பொட்டு. 10 நிமிசம். அரை மணித்தியாலம் விட்டு பயத்தம்மா போட்டுக் கழுவுறன். பூசினபடி வெளிய போகாதேங்கோ, வன்னிப் புழுதி முழுக்க முகத்தில அப்பியிடும்.

விடிய வாய் ஒழுங்காத் திறக்குது, நெத்திப்பொட்டு இடி கனக்கக் குறைஞ்சிட்டுது, சோளகத்திலயும் தோல் உரியிறேல்லை. தடவி முடிஞ்ச உடன வாற மினுமினுப்பு ரத்தம் ஓடுறதால வாறது, ஒரு மணித்தியாலத்தில போயிடும், வீடியோக்காரர் அந்த நேரம் பாத்துத்தான் படம் எடுக்கினம் போல. எண்ணெய்த் தோல், பரு உள்ள ஆக்கள் முதல் காதுக்குப் பின்னால கொஞ்சம் பூசிப் பாருங்கோ. என்ர தங்கச்சிக்கு ஒத்தே வரேல்லை, 2 நாளில விட்டிட்டாள். மங்குக்கு இப்ப சன்ஸ்கிரீன்தான் போடுறன், கூடாமலாவது இருக்கட்டும்.

எவ்வளவு கழுவினாலும் தலகாணி உறை மஞ்சளாகும். அம்மா பழைய உறை ஒண்டைத் தந்து, "மற்றதொண்டிலயும் தலை வைக்கப்படாது" எண்டிட்டா.