ஜென் கானில் ரசிகர்களைச் சந்திக்க மூன்று வழிகள்: என் ஓட்டு ஸ்டாலுக்கு

அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரத்தில் கோடைதோறும் நடக்கும் ஜென் கான் என்ற பெரிய விளையாட்டு மாநாட்டுக்குப் போர்டு கேம் வடிவமைப்பாளராகப் போகிறவருக்கு இரண்டு ஆசைகள் இருக்கும். தன் விளையாட்டைக் காசு கொடுத்து வாங்கி, வீட்டு மேசையில் விரித்து ஆடியவர்களை நேரில் பார்த்து நான்கு வார்த்தை பேச வேண்டும். கூடவே, தானும் ஓரிடத்தில் உட்கார்ந்து ஆசை தீர விளையாட வேண்டும். வடிவமைக்க வந்தவர்கள் எல்லோரும் முதலில் விளையாட்டுப் பித்துப் பிடித்தவர்கள்தாம். வியாழன் முதல் ஞாயிறு வரை நான்கு நாள். இரண்டு ஆசைக்கும் அதில் இடம் இருக்கிறது. ஆனால் தானாக அமையாது, நாம்தான் வகுத்துக்கொள்ள வேண்டும்.

வகுத்துக்கொள்ள மூன்று வழிகள் உண்டு. நம் விளையாட்டை வெளியிடும் பதிப்பகத்தின் ஸ்டாலில் நேரம் அறிவித்து உட்கார்ந்து கையெழுத்துப் போடுவது முதல் வழி. ஜென் கானின் நிகழ்ச்சிப் பட்டியலில் பதிவு செய்து, டிக்கெட் எடுத்து வருகிறவர்களோடு ஒரே மேசையில் விளையாடுவது இரண்டாவது. எதையும் அறிவிக்காமல் சுற்றிவந்து, எதிர்ப்படுகிறவர்களிடம் அங்கேயே நின்று பேசுவது மூன்றாவது. மூன்றையும் நான் செய்திருக்கிறேன். இப்போது முதல் வழியில் நிற்கிறேன். இந்த ஆண்டும் பதிப்பகத்திடம் அதையே கேட்டிருக்கிறேன்.

முதலில் இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1968-இல் விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவா என்ற சிற்றூரில், பின்னாளில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் தொடங்கிய ஜென் கான், பல ஊர் மாறி 2003 முதல் இண்டியானாபொலிஸில் நடக்கிறது. இப்போது 70,000 பேருக்கு மேல் வருகிறார்கள். மாநாட்டு மையம் போதாமல், நடைபாலங்களால் அதனோடு இணைந்த ஹோட்டல்களிலும், லூகாஸ் ஆயில் என்ற அமெரிக்கக் கால்பந்து ஸ்டேடியத்தின் மைதானத்திலும் மேசைகள் போடுகிறார்கள். இவ்வளவு பரந்த இடத்தில் ஒருவரைத் தற்செயலாகப் பார்த்துவிடலாம் என்று நம்பி வருகிறவர் பெரும்பாலும் பார்க்காமலே ஊர் திரும்புவார்.

சுற்றிவரும் வழியின் நன்மைகள் வெளிப்படையானவை. கட்டுப்பாடு இல்லை, முன்னேற்பாடு இல்லை, உணவு வண்டி வரிசையில் நிற்கும்போது கிடைக்கும் பேச்சு சில சமயம் அந்த நாளிலேயே சிறந்த பேச்சாக அமைந்துவிடும். ஆனால் இந்த வழியில் நம்மிடம் வருகிறவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். துணிச்சல் உள்ளவர்கள் வருவார்கள். கூச்சமுள்ளவர்கள் பத்தடி தள்ளி நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். வேலையாக இருக்கிறாரோ, தொந்தரவாக நினைப்பாரோ என்ற தயக்கம் அவர்களுக்கு. நம் விளையாட்டை மிக ஆழமாக ஆடியவர்கள் பல நேரம் இந்த இரண்டாவது கூட்டத்தில்தான் இருக்கிறார்கள்.

ஒருமுறை ஸ்டால் வரிசையில் ஒரு தமிழ் மாணவி வந்தார். கையில் விளையாட்டுப் பெட்டி இல்லை. நான்காக மடித்த ஒரு தாள்தான் இருந்தது. என் விளையாட்டின் அட்டைகளில் உள்ள ஆங்கில வாசகங்களை அவருடைய அம்மா தமிழில் எழுதி வைத்துக்கொண்ட தாள் அது. நீல மசியில் குண்டு குண்டான எழுத்துகள், ஓரத்தில் மஞ்சள் கறை, இரண்டு இடத்தில் அடித்துத் திருத்தியிருந்தார். “அக்கா, மதுரையில் அம்மா இதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் ஆடுவார். பெட்டியில் வேண்டாம், இதில் போட்டுக் கொடுங்கள்” என்றார். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அவர் என்னை உணவு வண்டி வரிசையில் வந்து மறித்திருக்க மாட்டார். வரிசை என்று ஒன்று இருந்ததால், அதில் நிற்பது தன் உரிமை என்று தோன்றியதால், வந்தார்.

இரண்டாவது வழியைப் பற்றி எனக்கு மரியாதை உண்டு. நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் மாதங்களுக்கு முன்பே விவரம் கொடுத்துவிட வேண்டும். பட்டியல் வெளியாகி, டிக்கெட் பதிவு வழக்கமாக மே மாதம் திறக்கும். நான்கைந்து பேர் ஒரு மேசையில் நம்மோடு இரண்டு, மூன்று மணி நேரம் உட்காருவார்கள். கையெழுத்து வரிசையில் ஒருவருக்கு இரண்டு நிமிடம் கிடைத்தால் அதிகம். இங்கே ஒருவர் எப்படி யோசிக்கிறார், எந்த இடத்தில் விதிப்புத்தகத்தைப் புரட்டுகிறார், எந்தக் காயை வீணென்று ஒதுக்குகிறார் என்பதையெல்லாம் கண்ணெதிரே பார்க்கலாம். வடிவமைப்பாளருக்கு இதைவிடப் பெரிய பாடம் வேறு எங்கும் கிடைக்காது.

ஆனாலும் இதை விளையாட்டுக் கணக்கில் எழுத முடியாது, வேலைக் கணக்கில்தான் எழுத வேண்டும். அந்த மேசையில் நாம் ஜெயிக்கப் பார்ப்பதில்லை. எல்லோரும் மகிழ்ச்சியாக எழுந்து போக வேண்டும் என்று பார்க்கிறோம். கல்யாண வீட்டில் பெண்ணின் தகப்பனார் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவது போலத்தான் அது. இலை விரித்திருந்தாலும் கவனமெல்லாம் அடுத்த இலையில் இருக்கும். தவிரவும், டிக்கெட் பதிவில் முந்திக்கொண்டவருக்கு இடம் கிடைக்கிறது. பல நாள் ரசிகர் வெளியே நிற்கிறார். இந்த வழியை நான் ஓரளவுக்கு மேல் சோதித்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கதை சொல்லி நடத்தும் ரோல் பிளேயிங் விளையாட்டுகளை எழுதுகிறவர்களுக்கு இதுவே மிகச் சிறந்த வழியாக இருக்கலாம். அங்கே மேசையை நடத்துவதே அவர்களுக்கு ஆட்டம்.

இனி ஸ்டால். விளையாட்டை உருவாக்கியவரிடம் கையெழுத்து வாங்கும் பழக்கத்துக்குப் பின்னால் ஒரு போராட்டம் இருக்கிறது. பெட்டியில் வடிவமைப்பாளர் பெயரையே அச்சிடாத காலம் ஒன்று இருந்தது. 1988-இல் ஜெர்மனியின் நியூரம்பர்க் பொம்மைக் கண்காட்சியின்போது, பெயர் போடாத பதிப்பகத்துக்கு இனி விளையாட்டுத் தருவதில்லை என்று 13 வடிவமைப்பாளர்கள் கையெழுத்திட்டார்கள். கோப்பைக்கு அடியில் வைக்கும் அட்டை ஒன்றின் மேல் போட்ட கையெழுத்து அது. இன்று பெட்டி மூடியில் என் பெயர் இருக்கிறது, அதைப் பார்த்து ஒருவர் என்னைத் தேடி வருகிறார் என்றால் அவர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும். அதனாலேயே கையெழுத்து நேரத்தை நான் சடங்காக நினைப்பதில்லை.

ஸ்டால் வழியின் சிறு நன்மைகளைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். பதிப்பகம் கண்காட்சியாளர் அட்டை தரும். அதைக் கழுத்தில் மாட்டியிருந்தால் காலை 10 மணிக்குப் பார்வையாளர்கள் நுழைவதற்கு முன்பே ஸ்டால்கள் உள்ள விற்பனை அரங்குக்குள் நடக்கலாம். அந்நேரத்தில் யாரும் விளையாட்டைச் சொல்லித்தர மாட்டார்கள், எல்லோரும் பெட்டி அடுக்கிக்கொண்டிருப்பார்கள். ஆனால் என்னென்ன புதிதாக வந்திருக்கிறது என்று நெரிசல் இல்லாமல் பார்த்துவிடலாம். உட்கார நாற்காலி உண்டு. வரிசையைக் கவனிக்க ஓர் ஆள் உண்டு. பளபளப்பான மூடியின் மேல் போட்ட மை காய நேரம் எடுக்கும். அதன் மேல் உடனே இன்னொரு பெட்டியை வைத்தால் மை தீற்றிவிடும். மேசை இருந்தால் திறந்தபடி காயவைத்துக் கொடுக்கலாம், நடைபாலத்தில் நின்றபடி அது முடியாது. நான் மூடியின் உட்பக்கத்தில், லேமினேஷன் இல்லாத வெள்ளைத் தாளில் போடுவதையே விரும்புகிறேன்.

இவையெல்லாம் துணைக் காரணங்கள். என் முடிவைத் தீர்மானித்தது ஒன்றே ஒன்று: ரசிகர் நேரம் எப்படி முடிகிறது என்பது.

சுற்றிவரும் வழியில் அந்த நேரத்துக்கு முடிவே கிடையாது. காலைப் பலகாரத்திலிருந்து இரவு லிப்ட் வரை நாம் பொதுச்சொத்து. பேச வந்தவர் மேல் குற்றமில்லை. அவருக்கு அது ஒரே ஒரு முறை. நமக்குத்தான் அது நாள் முழுக்க. ஸ்டாலில் 11 மணி முதல் 12 மணி வரை என்று அறிவித்தால், வரிசையின் கடைசியில் இருப்பவருக்குப் பின்னால் ஸ்டால் பணியாளர் வந்து நின்று, இதற்குமேல் வேண்டாம் என்று பணிவாகச் சொல்லிவிடுவார். முடித்துவைப்பது நம் வாயிலிருந்து வரவேண்டியதில்லை. முகம் கோணாமல் எழுந்து போகலாம். மாலை 6 மணிக்கு அரங்கமே மூடிவிடும். ஞாயிறு அன்று இன்னும் முன்னதாக, 4 மணிக்கு.

இங்கேதான் ஜென் கானின் அமைப்பு நமக்குக் கைகொடுக்கிறது. விற்பனை அரங்கு பகலோடு சரி. விளையாட்டோ அப்படியில்லை; ஹோட்டல் கூடங்களில் விடியவிடிய நடக்கிறது. ரசிகர் சந்திப்பை அரங்கின் நேரத்துக்குள் அடைத்துவிட்டால் இரவு முழுக்க நம்முடையது. நான் அந்த இரவுகளுக்காகத்தான் போகிறேன். விண்வெளிப் பேரரசுகள் மோதும் ட்விலைட் இம்பீரியம் போன்ற நீண்ட விளையாட்டை ஆறு பேர் ஆட உட்கார்ந்தால் எட்டு மணி நேரம் எளிதாகப் போய்விடும். வீட்டில் ஆறு பேரை ஒரு நாள் முழுக்க உட்கார வைப்பது குதிரைக்கொம்பு. ஜென் கானில் இரவு எட்டு மணிக்கு ஆள் சேர்த்துவிடலாம்.

அப்படிப்பட்ட ஆட்டத்தின் நடுவே ஒருவர் வந்து தோளைத் தொட்டால் என்ன ஆகிறது என்று பாருங்கள். பேச்சுவார்த்தை நடக்கிறது, இந்த எல்லையை விட்டுக்கொடுத்தால் அடுத்த வாக்கெடுப்பில் துணை நிற்பேன் என்று எதிரில் இருப்பவர் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் திரும்பி, சிரித்து, ஐந்து நிமிடம் பேசுகிறேன். போனது என் ஐந்து நிமிடம் மட்டுமில்லை. மற்ற ஐந்து பேரும் கைகட்டிக் காத்திருக்கிறார்கள்; அவர்களும் விடுமுறை எடுத்து, விமான டிக்கெட் போட்டு, ஆண்டுக்கொரு முறை கிடைக்கும் இந்த ஆட்டத்துக்காக வந்தவர்கள். என் பெயர் பெட்டியில் இருக்கிறது என்பதற்காக அவர்களின் இரவை நான் எடுத்துக் கொடுக்க முடியாது.

ஆகவே மறுக்க வேண்டியிருக்கிறது. மறுக்கும்போது காட்டுவதற்கு ஓரிடம் வேண்டும். “இப்போது ஆட்டத்தில் இருக்கிறேன். நாளைக் காலை 11 மணிக்கு ஸ்டாலில் இருப்பேன், பெட்டியோடு வாருங்கள், நிதானமாகப் பேசலாம்” என்று சொல்லும்போது அது மறுப்பாகவே படுவதில்லை, அழைப்பாகிவிடுகிறது. மறுநாள் அவர்களில் பலர் வந்தும் விடுகிறார்கள். அறிவித்த நேரம் எதுவும் இல்லாதவர் அதே இடத்தில் என்ன சொல்வார்? ‘பிறகு பார்க்கலாம்’ என்பார். எப்போது, எங்கே என்று அவருக்கே தெரியாது. கேட்டவர் மனம் சுருங்கிப் போவார், சொன்னவருக்கும் ஆட்டத்தில் மனம் ஒட்டாது.

இடத்தைப் பற்றிய இன்னொன்றும் உண்டு, பெண்களுக்கு முக்கியமாக. இந்நேரம் இந்த ஹோட்டலில் விளையாடிக்கொண்டிருக்கிறேன் என்று உடனுக்குடன் சமூக வலைத்தளத்தில் போட வேண்டாம். ஸ்டால் நேரத்தை எவ்வளவு வேண்டுமானாலும் விளம்பரம் செய்யலாம். சுற்றிலும் ஆள் இருக்கிறது. இரவு ஆட்டத்தின் படத்தை ஊருக்குத் திரும்பியபின் போட்டாலும் அதன் அழகு குறைவதில்லை.

ஸ்டால் வழியில் கவனிக்க வேண்டிய ஆபத்து ஒன்று உண்டு. கையெழுத்துப் போட உட்கார்ந்தவரை, அப்படியே பக்கத்து மேசையில் விளையாட்டையும் சொல்லித்தரச் சொல்வார்கள். இரண்டையும் சேர்த்து ஒப்புக்கொள்ளக் கூடாது. அரங்கின் இரைச்சலில் ஒரு மணி நேரம் விதி விளக்கினால் தொண்டை கட்டிவிடும். இரவு பேச்சுவார்த்தை ஆட்டத்துக்குக் குரலே இருக்காது. கையெழுத்து நேரம் எவ்வளவு, சொல்லித்தரும் நேரம் எவ்வளவு என்று புறப்படும் முன்பே மின்னஞ்சலில் எழுதி வாங்கிவிடுவது நல்லது.

இந்தக் கணக்கு எல்லா ஊருக்கும் பொருந்தாது. ஜெர்மனியில் 1983 முதல் நடக்கும் எஸன் ஷ்பீல் கண்காட்சியில் அரங்கு மூடினால் கூட்டம் ஊருக்குள் கலைந்துவிடும். புதிய விளையாட்டுகளை ஸ்டால்களில் உள்ள மேசைகளிலேயே ஆடிப் பார்ப்பதுதான் அங்கே முக்கிய இன்பம். அதாவது ரசிகர் நேரமும் நம் நேரமும் ஒரே பகலுக்குள் மோதிக்கொள்கின்றன. அங்கே நாளுக்கு ஒரு மணி நேரம் என்று பிரிப்பதைவிட, ஒரு நாளை முழுதாகப் பதிப்பகத்துக்குக் கொடுத்து மற்ற நாட்களை வைத்துக்கொள்வது சரியாக வரும் என்று நினைக்கிறேன். எஸனை நான் ஜென் கான் அளவுக்குப் பழகியதில்லை. ஆகவே இதை யோசனையாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் டாலஸில், போர்டு கேம் கீக் இணையதளம் நடத்தும் பிஜிஜி கானில் நிலைமை நேர்மாறு. பெரிய விளையாட்டு நூலகத்திலிருந்து எடுத்து ஆடுவதே அங்கே எல்லாம், கூட்டமும் குறைவு. அங்கே சும்மா சுற்றிவந்தாலே எல்லோரையும் பார்த்துவிடலாம், ஸ்டால் தேவைப்படாது.

ஜென் கானுக்கு முதல்முறை போகிறவர் என்றால் வியாழன், வெள்ளி இரண்டு நாளும் முற்பகலில் ஒவ்வொரு மணி நேரம் கேளுங்கள். சனிக்கிழமைக் கூட்டத்தில் வரிசை வழியை அடைத்துக்கொள்ளும், பேசவும் முடியாது. ஒரு நாள் மட்டும் டிக்கெட் எடுத்து வரும் குடும்பங்களுக்காக ஞாயிறு காலையில் அரை மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். குழந்தைகள் பெட்டியைத் தாங்களே தூக்கிக்கொண்டு வருவார்கள். இதை மே மாதத்துக்கு முன்பே பதிப்பகத்திடம் பேசி முடித்துவிட்டால், நிகழ்ச்சிப் பதிவு திறக்கும் நாளில் உங்களுக்கு வேண்டிய இரவு ஆட்டங்களுக்கான டிக்கெட்டை மோதல் இல்லாமல் எடுத்துவிடலாம்.