ஈரல் சீழுக்கு ‘இன்றிரவே ஆபரேஷன்’ என்றால் கையெழுத்துப் போடும் முன் இதைப் படியுங்கள்

என் மாமாவுக்கு (அம்மாவின் தம்பி) சர்க்கரை உண்டு. குளிர் காய்ச்சலும் வலது விலாவுக்குக் கீழே வலியுமாக இருந்ததால் எங்கள் ஊர்த் தனியார் மருத்துவமனை ஒன்றில் சேர்த்தோம். வெளி சென்டரில் சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். கல்லீரலில் 8 செ.மீ. அளவுக்குச் சீழ்க்கட்டி. அதுவரை எல்லாம் சரி.

அப்புறம்தான் ஆரம்பித்தது. “இன்னிக்கு ராத்திரியே வயித்தைத் திறந்து கழுவணும். விட்டா உள்ளேயே உடைஞ்சிடும், உயிருக்கு உத்தரவாதம் இல்லை.” எஸ்டிமேட் 1,80,000 ரூபாய், உடனே கட்ட வேண்டியது 50,000. “ஊசி போட்டு எடுப்பாங்களாமே, அது முடியாதா டாக்டர்?” என்று அத்தை கேட்டார். “ஊசி குத்தினா சீழ் வயிறு முழுக்கப் பரவிடும்மா” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் டியூட்டி டாக்டர். ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கேட்டால், “ஃபைல்ல இருக்கு, பெரிய டாக்டர் வரட்டும்.”

பணத்தைக் கட்டிவிட்டு நேராக ஸ்கேன் சென்டருக்குப் போனேன். இன்னொரு பிரதி கேட்டதும் கொடுத்துவிட்டார்கள். கட்டி உடைந்ததற்கான அறிகுறி இல்லை, வயிற்றுக்குள் நீர் கோக்கவில்லை என்று எழுதியிருந்தது. கடைசி வரியில், அல்ட்ராசவுண்ட் பார்த்து டியூப் வைத்து வடிக்கலாம் என்ற பரிந்துரை. அந்தக் காகிதம் அவர்கள் ஃபைலிலும் இருந்திருக்கிறது!

மாமாவை வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம் என்றோம். டாக்டரின் ஆலோசனையை மீறிப் போகிறோம் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் விட்டார்கள். பில்லில் ‘தியேட்டர் முன்பதிவு’, ‘மயக்க மருந்து நிபுணர்’ என்று இரண்டு வரிகள். நடக்காத ஆபரேஷனுக்கு.

பெரியாஸ்பத்திரியில் முதலில் ரத்தம் உறையும் தன்மையைப் பார்த்தார்கள். பிறகு விலா ஓரத்தில் மரத்துப்போக ஊசி. மாமா முழு விழிப்பில்தான் இருந்தார். ஸ்கேன் திரையைப் பார்த்தபடியே ரேடியாலஜி டாக்டர் ஊசியைக் கட்டிக்குள் இறக்கி, அதன் வழியே மெல்லிய கம்பியை விட்டு, அந்தக் கம்பி மேலேயே டியூபை ஏற்றினார். 12 பிரெஞ்ச் அளவு, அதாவது 4 மி.மீ. தடிமன். உள்ளே போனதும் நுனி சுருண்டுகொள்ளும், அதனால்தான் இந்த டியூபை பிக்டெய்ல் (பன்றிவால்) என்கிறார்கள். மஞ்சளாகக் கெட்டிச் சீழ் பைக்குள் இறங்கியது. என்ன கிருமி என்று பார்க்கக் கொஞ்சம் கல்ச்சர் சோதனைக்கு அனுப்பினார்கள். வார்டில் சலைன் விட்டு அடைப்பு வராமல் பார்த்துக்கொண்டார்கள். காய்ச்சல் விட்டு, ஒரு நாளில் வடிவது 10 மில்லிக்குக் கீழே வந்து, மறு ஸ்கேனும் நன்றாக இருந்த பிறகே டியூபை எடுத்தார்கள். ஆன்டிபயாடிக் மட்டும் வீட்டுக்கு வந்தும் வாரக்கணக்கில் தொடர்ந்தது.

எல்லாருக்கும் இதுவே வழி என்று சொல்ல வரவில்லை. 3 செ.மீ.க்கும் சின்னக் கட்டி பெரும்பாலும் மருந்திலேயே கரையும். வயிற்றுக்குள் உடைந்து பரவியிருந்தாலோ, டியூப் வைத்தும் வடியாவிட்டாலோ, ஊசி போகப் பத்திரமான பாதையே இல்லை என்றாலோ கத்தி வைக்கத்தான் வேண்டும். அப்படியென்றால் அந்தக் காரணத்தைச் சொல்ல வேண்டும். தங்களிடம் வசதி இல்லை என்றால் வசதியுள்ள இடத்துக்கு அனுப்ப வேண்டும். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. இவர்கள் அப்படி ஒரு வழி இருப்பதையே மறைத்தார்கள். அதற்குப் பெயர் ஏமாற்றுதான்.

சிகிச்சை ஆவணங்களை எழுத்தில் கேளுங்கள், உங்கள் கடிதத்தைப் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். நாங்கள் அப்படித்தான் கேஸ் ஷீட்டை வாங்கினோம். அதில் எழுதியிருந்ததைக் கேளுங்கள்: “ஊசிவழி டிரெய்னேஜ் பற்றி விளக்கப்பட்டது. உறவினர்கள் மறுத்துவிட்டனர்.” பக்கத்திலேயே உறவினர் கையொப்பத்துக்கு இடம் இருக்கிறது, யாருடைய கையெழுத்தும் இல்லை. அந்தப் பக்கத்தின் நகலையும் ஸ்கேன் ரிப்போர்ட்டையும் பில்லையும் வைத்து மாவட்ட இணை இயக்குநர் (நலப்பணிகள்) அலுவலகத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். அட்வான்ஸில் மீதிப் பணம் கேட்டால், “அக்கவுண்ட்ஸ்ல பேசிக்கோங்க” என்கிறார்கள்.