சின்ன டர்போவா, பெரிய டர்போவா?

மிட்சுபிஷி லான்சர் எவோ காரின் 2 லீற்றர் எஞ்சினுக்குச் சின்ன டர்போ (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) என்றால் நிமிடத்துக்கு 3000 சுற்றைத் தாண்டியதும் இழுவை வந்துவிடும். மணிக்கு 255 லீற்றர் எரிபொருள் பம்ப் ஒன்றும், எரிபொருளை நிமிடத்துக்கு 560 சிசி பீச்சும் கம்பனி போட்ட இன்ஜெக்டர்களும் பெரும்பாலும் போதும்.

பெரிய டர்போ 4500 அளவில்தான் எழும்பும். எழும்பினால் சும்மா பறக்கும், சரி. ஆனால் அதற்கு 1000 சிசி இன்ஜெக்டர், பெரிய பம்ப், ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) ரியூனிங் எல்லாம் சேர்ந்தே வேண்டும். காற்று கூடி எரிபொருள் குறைந்தால் கலவை மெலியும், நொக்கிங் (கலவை தானாக வெடித்து எஞ்சின் தட்டுவது) தொடங்கும், பிஸ்டனே உருகும். வன்னி வெயிலில் உள்ளிழுக்கும் காற்றும் சூடு. ஆபத்து இன்னும் கிட்ட. இரண்டுக்கும் 95 ஒக்டேன் பெற்றோல்தான், 92 வேண்டாம்.

மாங்குளம், கிளிநொச்சிப் பக்கம் ஏ9 வீதி நேராகத்தான் போகிறது, ஆனால் மாடுகள் குறுக்கே வரும். இங்கே ஓட எனக்குச் சின்னதுதான். பெரியதை ஓட்டுவதற்குக் கார்ப் பந்தயத் திடல் வேண்டும்.